'நாம்' எது, 'நாங்கள்' எது: பிலிப்பைன்ஸ் ஊர் ஒன்றின் வரலாற்று உணர்வைப் படிக்கும் முறை

பிலிப்பைன்ஸ் ஊர் ஒன்றுக்குப் போய், அங்குள்ளவர்கள் தங்கள் பழைய காலத்தை மனதில் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று அறிய நினைக்கும் தமிழருக்கு ஒரு வசதி உண்டு. ஆங்கிலத்தில் மட்டும் பேசிவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு அது கிடையாது. நமக்கு 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. தகாலோக் மொழியிலும் அப்படித்தான்: கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் 'தயோ', அவரை வெளியே நிறுத்தினால் 'கமி'. செபுவானோ, ஹிலிகைனோன், வாராய் மொழிகளில் 'கிதா', 'கமி'. வடக்கே இலோகானோவில் 'தயோ', 'கமி'.

இன்னொன்றும் இருக்கிறது. 'வந்தார்கள்' என்பதற்கும் 'வந்தார்களாம்' என்பதற்கும் உள்ள தூரத்தை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த 'ஆம்' செய்கிற வேலையைத் தகாலோக்கில் 'டாவ்' செய்கிறது. உயிரொலிக்குப் பின்னால் வந்தால் 'ராவ்' ஆகும். செபுவானோவில் 'கூனோ', இலோகானோவில் 'கனோ'. பழைய கதை பேசும்போது இந்த இரண்டு சொற்களையும் காதில் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

வரலாற்றுக்கு அவர்களுடைய சொல் 'கசய்சயன்'. அதன் வேர் 'சய்சய்': பொருள், மதிப்பு, எடுத்துரைத்தல். 'வலாங் சய்சய்' என்றால் பிரயோசனமற்றது. ஸ்பானியர் கொண்டுவந்த 'இஸ்தோரியா' என்ற சொல்லோ செபுவானோவில் இன்று அரட்டை, பேச்சு என்ற பொருளில்தான் புழங்குகிறது. பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் சேயுஸ் சலசார் இதிலிருந்து ஒரு வாதத்தையே கட்டினார். யாருக்குச் சொல்லப்படுகிறதோ அந்தக் கூட்டத்துக்குப் பொருள்படும் கதைதான் கசய்சயன் என்றார். வெளிநாட்டாரைப் பார்த்து 'நாங்களும் நாகரிகமானவர்கள்தான்' என்று நிரூபிக்க எழுதிய வரலாறு 'கமி' வரலாறு. தமக்குள் பேசிக்கொள்வதற்கு எழுதுவது 'தயோ' வரலாறு. தன் அணுகுமுறைக்கு அவர் வைத்த 'பந்தயோங் பனனாவ்' என்ற பெயருக்குள்ளேயே அந்தத் 'தயோ' இருக்கிறது. அவருடன் முரண்படுகிறவர்கள் நிறைய உண்டு. ஆனாலும் ஊருக்குள் இறங்கி வேலை செய்ய இதைவிடக் கூர்மையான கருவி இல்லை.

கிளம்புவதற்கு முன்

ஒரு தடித்த நோட்டு எடுத்து ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று பத்தியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் வாய் சொன்னது: சொன்ன மொழியிலேயே, 'தயோ', 'கமி', 'டாவ்' எல்லாம் அப்படியே. இரண்டாவதில் காகிதம் சொல்வது. மூன்றாவதில் இன்று கண்ணுக்குத் தெரிவது: சிலை, தெருப்பெயர், திருவிழா, சாப்பாடு. மூன்றும் ஒத்துப்போக வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். எங்கே ஒத்துப்போகவில்லையோ அங்கேதான் சரக்கு இருக்கிறது.

முதல் பத்தியை ஆங்கிலத்தில் எழுதினால் எல்லாம் பாழ். படித்த பெரியவர்கள் உங்களைப் பார்த்ததும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். 'வி' என்று அவர்கள் சொல்வதில் நாம், நாங்கள் இரண்டும் கலந்து கரைந்துபோகும். 'டாவ்' காணாமலே போகும். உள்ளூர்க்காரர் ஒருவரை மொழித் துணைக்கு வைத்துக்கொண்டு, பதிலை முதலில் அவர்கள் மொழியில் வாங்குங்கள்.

உங்கள் தோற்றம் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தியர் யாராக இருந்தாலும் அங்கே 'பும்பாய்'. அந்தச் சொல்லோடு 'ஃபைவ் சிக்ஸ்' என்ற வட்டித் தொழிலும் ஒட்டிக்கொண்டு வரும்: ஐந்து வாங்கினால் ஆறாகத் திருப்ப வேண்டும். தெருவில் நோட்டும் பேனாவுமாக வீடுவீடாகப் போனால் வசூலுக்கு வந்தவர் என்றே நினைப்பார்கள். அதனால் முதல் நாள் நேராக பராங்காய் அலுவலகத்துக்குப் போய், 'கப்பித்தான்' என்று எல்லோரும் அழைக்கும் தலைவரைப் பார்த்து வந்த காரியத்தைச் சொல்லுங்கள். பராங்காய் என்பது நிர்வாகத்தின் கடைசி அலகு; பெயர் வந்தது 'பலாங்காய்' என்ற மரப்படகிலிருந்து. படகில் வந்த ஒரு கூட்டம், ஒரு தலைவன், ஓர் ஊர் என்ற பழைய எண்ணம் அந்தச் சொல்லுக்குள் இன்னும் மிதக்கிறது.

பூர்வகுடிகள் வாழும் பகுதி என்றால் இந்த மரியாதைச் சந்திப்பு போதாது. 1997-ஆம் ஆண்டின் பூர்வகுடி உரிமைச் சட்டமும், அவர்களுக்கான தேசிய ஆணையம் 2012-ல் வெளியிட்ட ஆய்வு விதிகளும் அந்தச் சமூகத்தின் முன்சம்மதத்தைக் கேட்கின்றன. அது கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம். அதற்குள் ஒலிப்பதிவுக் கருவியை எடுக்காதீர்கள்.

முதலில் பிளாசா

ஸ்பானியர் வகுத்த ஊர்களில் நடுவே பிளாசா எனப்படும் சதுக்கம். சுற்றிலும் தேவாலயம், முனிசிப்யோ எனப்படும் ஊராட்சிக் கட்டடம், பள்ளிக்கூடம், பழைய பணக்கார வீடுகள். பெரும்பாலும் தேசிய வீரர் ஹோசே ரிசால் சிலை ஒன்று நிற்கும். ஒரு மணி நேரம் சுற்றி வந்து, எவை எந்த ஆண்டில் வைக்கப்பட்டவை, யார் பணத்தில் வைக்கப்பட்டவை என்று மட்டும் குறியுங்கள். பிறகு ட்ரைசைக்கிள் ஓட்டுநரிடம் தெருக்களின் பெயரைக் கேளுங்கள். பலகையில் ஒரு பெயரும் அவர் வாயில் வேறொரு பெயரும் இருந்தால் இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வரலாற்றுப் பலகைகளை நின்று நிதானமாகப் படிக்க வேண்டும். 1933-ல் தொடங்கிய அரசு அமைப்பு பலமுறை பெயர் மாறி, 2010 முதல் பிலிப்பைன்ஸ் தேசிய வரலாற்று ஆணையமாக இருக்கிறது. பலகையில் பொறித்திருக்கும் அமைப்பின் பெயரை வைத்தே அது எந்தக் காலத்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம். அடுத்து எழுவாயைப் பாருங்கள். யார் என்ன செய்ததாக வாக்கியம் சொல்கிறது?

மக்தான் தீவில் ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு பலகைகள் எழுந்தன. 1521 ஏப்ரல் 27 அன்று, ஸ்பெயினுக்காகக் கடலோடி வந்த மகெல்லன் அங்கே கொல்லப்பட்டார். 1941-ல், அமெரிக்க ஆட்சியின் கடைசிக் கட்டத்தில் எழுதிய பலகைக்கு மகெல்லனின் மரணம்தான் தலைப்பு. தீவுத் தலைவன் லாபுலாபுவின் வீரர்களோடு நடந்த மோதலில் அவர் காயம்பட்டு இறந்தார் என்று சொல்லிவிட்டு, அவருடைய கப்பல்களில் ஒன்று உலகைச் சுற்றி முடித்த செய்திக்குப் போய்விடுகிறது. விடுதலை கிடைத்து ஐந்தாண்டு கழித்து, 1951-ல் எழுதியதில் லாபுலாபு எழுவாய். அவனும் அவன் ஆட்களும் படையெடுத்து வந்த ஸ்பானியரை விரட்டினார்கள், தலைவனைக் கொன்றார்கள், ஐரோப்பிய ஆக்கிரமிப்பை முறியடித்த முதல் பிலிப்பினோ அவனே என்கிறது. 1521-ல் 'பிலிப்பினோ' என்று யாரும் இல்லை. 'பிலிப்பினாஸ்' என்ற பெயரே 1540-களில்தான் வைக்கப்பட்டது. அதைப் பிழை என்று மட்டும் குறித்துவிட்டு நகர்ந்தால் நஷ்டம் நமக்கு. 1951-ல் இருந்தவர்களுக்கு அந்தச் சொல் அங்கே தேவைப்பட்டது என்பதுதான் பலகை தரும் தகவல்.

பிறகு காகிதம்

மணிலாவின் தேசிய நூலகத்தில், பிலிப்பினியானா பிரிவில், 'ஹிஸ்டாரிக்கல் டேட்டா பேப்பர்ஸ்' என்றொரு தொகுப்பு இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஊர்ப் பதிவுகள் ஏராளமாக எரிந்துபோனதால், 1951-ல் அதிபர் கிரினோ ஓர் ஆணை பிறப்பித்து, அரசுப் பள்ளி ஆசிரியர்களைக் கொண்டு ஊர் ஊராக, பாரியோ பாரியோவாக (இன்றைய பராங்காய்தான் அன்றைய பாரியோ) தகவல் திரட்டச் செய்தார். ஊர்ப்பெயர் வந்த கதை, பழைய தலைவர்கள், போரில் நடந்த அழிவு, பிறப்பு இறப்புச் சடங்குகள், விடுகதைகள், பழமொழிகள் எல்லாம் தட்டச்சுப் பக்கங்களில் கிடக்கின்றன. பல மாகாணங்களின் தாள்கள் இணையத்திலும் கிடைக்கின்றன. மாகாணம், ஊர், பாரியோ என்ற வரிசையில் தேடுங்கள். இன்றைய பராங்காயின் பெயர் அப்போது வேறாக இருந்திருக்கலாம். பழைய பெயரை முதலில் கண்டுபிடித்துக்கொண்டு போனால் அலைச்சல் மிச்சம்.

எதை நம்பலாம்? இந்தப் போரின் அழிவு பற்றிய பகுதிகள் நிகழ்ச்சி நடந்து சுமார் பத்தாண்டில் எழுதியவை. அவற்றுக்கு எடை அதிகம். ஊர்ப்பெயர்க் கதைகளுக்கு எடை குறைவு. ஒரு ஸ்பானிய வீரன் வந்து 'இது என்ன ஊர்' என்று கேட்பான். மொழி புரியாத உள்ளூர்க்காரர் தன் கையில் இருந்த பொருளையோ பக்கத்தில் நின்ற மரத்தையோ கேட்கிறான் என்று நினைத்து அதன் பெயரைச் சொல்வார். அதுவே ஊர்ப்பெயர் ஆகிவிடும். இந்த வார்ப்பு நாடு முழுக்க இருக்கிறது. பெயர் வந்த வழியை அது நிரூபிக்காது. ஆனால் அந்நியனுக்கு நம் மொழி புரியவில்லை, தவறாகவே எழுதிக்கொண்டு போனான் என்ற சிரிப்பை நூற்றாண்டுகளாகக் கைமாற்றித் தருகிறது. அதை மூன்றாவது பத்தியில் எழுதுங்கள்.

தேவாலயத்தின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள் இன்னொரு கருவூலம். பார்க்க பங்குத்தந்தையின் அனுமதி வேண்டும். 1849-ஐத் தாண்டிப் பின்னோக்கிப் போகையில் இடறும். அந்த ஆண்டு நவம்பர் 21 அன்று ஆளுநர் கிளவேரியா எல்லோருக்கும் நிலையான குடும்பப்பெயர் வேண்டும் என்று ஆணையிட்டார். அகர வரிசையில் அச்சிட்ட பெயர்ப் பட்டியலின் பக்கங்களை ஊர்களுக்குப் பங்கிட்டார்கள். அதனால்தான் அல்பாய் மாகாணத்தின் ஓவாஸில் இன்றும் 'ஆர்' எழுத்தில் தொடங்கும் குடும்பப்பெயர்கள் மண்டிக்கிடக்கின்றன. ஸ்பானியப் பெயர் இருப்பதால் ஸ்பானிய ரத்தம் என்று முடிவு கட்டுவது அங்கே புதிதாக வேலை செய்ய வருகிறவர்கள் அடிக்கடி விழும் குழி.

ஊராட்சி அலுவலகம் தரும் வழவழப்பான 'ஊர் வரலாறு' கையேட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். மேயரின் குடும்பம் எத்தனை பக்கங்களில் வருகிறது என்று எண்ணுவதற்காவது பயன்படும்.

பெரியவர்களோடு உட்காரும் முறை

கேள்வித்தாளை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். 1970-களில் விர்கிலியோ என்ரிக்கெஸ் தொடங்கிய பிலிப்பினோ உளவியல் மரபு இதற்கு உள்ளூர் முறைகளையே எடுத்துக்கொண்டது. ஒன்று 'தனோங் தனோங்': போகிற போக்கில், ஒரே விஷயத்தைப் பலரிடம் பல நாள் கேட்பது. மற்றொன்று 'குவெந்துஹான்': கேள்வி பதில் இல்லாமல் இருபுறமும் கதை பேசுவது. உங்கள் ஊர்க் கதையையும் சொன்னால்தான் அங்கிருந்து கதை வரும்.

ஆட்களை அவர்கள் இரண்டாகப் பார்க்கிறார்கள்: 'இபாங் தாவோ', அதாவது வேற்று ஆள், 'ஹிந்தி இபாங் தாவோ', வேற்று ஆள் அல்லாதவர். 'ஹிந்தி' என்றால் தகாலோக்கில் 'இல்லை' என்று பொருள். தமிழ் வாசகர் யாரும் இதை மறக்கமாட்டார். வேற்று ஆளிடம் பாடப்புத்தக வரலாறு வரும்: ரிசால், புரட்சித் தலைவர் போனிஃபாசியோ, விடுதலை அறிவித்த 1898 ஜூன் 12. ஊர்க்கதை வேற்று ஆள் அல்லாதவருக்குத்தான். எப்போது கோடு தாண்டினீர்கள் என்று தெரிந்துகொள்ள, 'கமி' 'தயோ'வாக மாறுவதைக் கவனியுங்கள். ஆனால் 'கைன் தயோ' என்று சொன்னதும் மகிழ்ந்துவிடாதீர்கள். 'வாங்க, சாப்பிடலாம்' என்ற அந்த உபசாரம் தெருவில் போகிறவருக்கும் உண்டு.

நடைமுறை இதுதான். பெரியவர் கையை எடுத்து உங்கள் நெற்றியில் தொட்டு 'மானோ போ' சொல்லுங்கள். 'போ' மரியாதைச் சொல். நம் 'ங்க' போல. லோலோ (தாத்தா), லோலா (பாட்டி) என்று அழையுங்கள். மாலை மெரியெண்டா எனப்படும் சிற்றுண்டி நேரத்துக்கு ரொட்டியோ பிஸ்கட்டோ வாங்கிக்கொண்டு போங்கள். முதல் சந்திப்பில் பதிவுக்கருவி வேண்டாம். ஒரு அமர்வு ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. ஒருவரையே மூன்று முறையாவது பாருங்கள். இரண்டு மூன்று பெரியவர்களைச் சேர்த்து உட்காரவைத்தால் ஒருவர் மற்றவரைத் திருத்துவார். அந்தத் திருத்தம்தான் தங்கம்.

ஆண்டு கேட்காதீர்கள், 'எதற்கு முன், எதற்குப் பின்' என்று கேளுங்கள். அவர்களுடைய காலக்கோடு வேறு மாதிரி ஓடுகிறது. 'பீஸ்டைம்' என்றால் 1941 டிசம்பருக்கு முந்திய அமெரிக்கக் காலம். 'பனஹோன் ங் ஹபோன்' ஜப்பானியர் காலம். அதில் 'மிக்கி மவுஸ்' பணம் என்றால் செல்லாக்காசாகிப்போன ஜப்பானிய நோட்டு. 'லிபரேஷன்' 1944 அக்டோபரில் லெய்தேயில் தொடங்கி அடுத்த ஆண்டு வரை. அதன்பின் அதிபர் மாக்சாய்சாய் விமானம் விழுந்தது 1957 மார்ச், அதிபர் மார்கோஸின் ராணுவச் சட்டம் 1972 செப்டம்பர், அவரை இறக்கிய எட்சா மக்கள் எழுச்சி 1986 பிப்ரவரி, பினதுபோ எரிமலை வெடித்தது 1991 ஜூன், யோலண்டா புயல் 2013 நவம்பர். 'பினதுபோ சாம்பல் விழுந்தபோது என் மூத்தவள் கைக்குழந்தை' என்றால் ஆண்டு தானே கிடைத்துவிடும்.

வயதையும் கணக்குப் போடுங்கள். 1935-ல் பிறந்தவர் ஜப்பானியர் வந்தபோது ஆறு வயதுப் பிள்ளை. அவர் சொல்வதில் கண்ணால் கண்டது எது, அம்மா சொன்னது எது? 'டாவ்' வருகிறதா என்று கேளுங்கள், சொல்லிவிடும்.

சில கேள்விகள் கூடவே கூடாது. ஜப்பானியர் ஊரையே ஓரிடத்தில் திரட்டி நிறுத்தும் 'சோனா'வில், பாயோங் என்ற ஓலைப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு காட்டிக்கொடுத்தவன் யார் என்று பெயர் கேட்காதீர்கள். அவன் பேரப்பிள்ளைகள் அடுத்த தெருவில் இருக்கலாம். ராணுவச் சட்டக் காலத்தைப் பற்றி 'மார்கோஸ் நல்லவரா' என்று கேட்டால் கட்சிப் பேச்சு வரும். 'அப்போது எங்கே வேலை, ஊரடங்கு நேரத்தில் வீடு திரும்பியது எப்படி' என்று கேட்டால் வாழ்க்கை வரும். மார்கோஸின் சொந்த மாகாணமான இலோகோஸ் நோர்த்தேயில் வரும் பதிலும், அரசு அங்கீகரித்த 11,103 பாதிக்கப்பட்டவர்களில் ஒருவரின் வீட்டில் வரும் பதிலும் ஒன்றாக இருக்காது. இரண்டையும் சொன்னபடியே எழுதுங்கள்.

பாட்டிலும் குகையிலும் இருப்பது

வரலாறு என்று பெயர் ஒட்டாமலே வரலாறு நடமாடும் இடங்கள் உண்டு. புனித வாரத்தில் 'பபாசா' நடக்கும் வீட்டைத் தேடிப்போங்கள். இயேசுவின் பாடுகளைச் சொல்லும் 'பஸ்யோன்' நூலை, எட்டசை கொண்ட ஐந்து வரிச் செய்யுள்களாக, ஆள் மாற்றி ஆள் இரவு பகலாகப் பாடுவார்கள். 1814-ஆம் ஆண்டின் புகழ்பெற்ற பதிப்பு உலகப் படைப்பில் தொடங்குகிறது. ஒளி, வீழ்ச்சி, பாடு, மீட்பு என்ற அந்த வரிசைதான் எளிய மக்களுக்கு ஸ்பானியருக்கு எதிரான புரட்சியைப் புரியவைத்தது என்று 1979-ல் வரலாற்றாசிரியர் ரெய்னால்டோ இலேதோ வாதிட்டார். ரிசாலும், ஸ்பானிய அதிகாரி மோர்கா எழுதிய பழைய வரலாற்று நூலுக்கு 1890 ஆண்டிட்டு வெளியிட்ட தன் உரைப்பதிப்பில், ஸ்பானியருக்கு முன் ஒரு செழிப்பு, பிறகு இருள், இனி விடியல் என்று இதே வரிசையில்தான் அடுக்கினார்.

மணிலாவுக்கு வடகிழக்கே மொந்தல்பான் மலை இடுக்கில் இதைக் கையால் தொட்டுப்பார்க்கலாம். மக்கள் சொல்லும் கதை இது: பெர்னார்டோ கார்பியோ என்றொரு மன்னன், மோதும் இரண்டு மலைகளுக்கு நடுவே சிக்கியிருக்கிறான்; அவன் அசையும்போது நிலம் நடுங்கும்; கட்டறுத்து வரும் நாளில் மக்கள் விடுபடுவார்கள். ஆள் உண்மையில் ஸ்பானியக் காப்பியப் பாத்திரம். தகாலோக் செய்யுளில் நுழைந்து இந்த மலைக்குக் குடிவந்தவன். 1895 ஏப்ரலில், புனித வாரத்தில், போனிஃபாசியோவும் கதிபுனான் என்ற ரகசியப் புரட்சிச் சங்கத்தின் தோழர்களும் இங்கேயுள்ள பமிதினான் குகைக்குள் போய்ச் சுவரில் 'பிலிப்பைன்ஸ் விடுதலை வாழ்க' என்று எழுதினார்கள். சங்கத்துக்கு ஒளிவிடம் மட்டும் தேவையென்றால் வேறு குகைகள் இருந்தன. இந்த வாரத்தில் இந்தக் குகை என்றால், பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

பபாசா வீட்டில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இந்த 'பனாதா' எப்போதிலிருந்து? பனாதா என்றால் நேர்த்திக்கடன். ஒரு காலரா, ஒரு போர், கடலுக்குப் போய்த் திரும்பாத ஒரு மகன் என்று பதில் வரும். எழுத்தில் எங்கும் இல்லாத குடும்ப வரலாற்றின் முதல் பக்கம் அது.

எங்கே சறுக்கும்

போலி ஆவணத்தில் சறுக்கும். 1433-ல் பனாய் தீவில் தாத்து (தலைவன்) கலந்தியாவ் என்பவன் இயற்றியதாக ஒரு சட்டத்தொகுப்பைப் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாகக் கற்பித்தார்கள். ஒரு போர்க்கப்பலுக்குக்கூட அந்தப் பெயர் வைத்தார்கள். அது 1914-ல் ஹோசே மார்கோ என்பவர் நூலகத்துக்குக் கொடுத்த தாள்களில் ஒன்று. போலி என்று 1968-ல் வில்லியம் ஹென்றி ஸ்காட் காட்டினார். அரசு அமைப்பு அதை ஒப்புக்கொண்டது 2004-ல். இன்றும் யாராவது உங்களிடம் கலந்தியாவ் பற்றிப் பெருமையோடு சொன்னால் முகத்துக்கு நேரே மறுக்காதீர்கள். 'இதை எங்கே படித்தீர்கள், எந்த வகுப்பில்' என்று கேளுங்கள். 1433 பற்றி அது எதுவும் சொல்லாது. 'எங்களுக்கும் சட்டம் இருந்தது' என்று சொல்லத் தவித்த இருபதாம் நூற்றாண்டைப் பற்றி நிறையச் சொல்லும். உண்மையான பழஞ்சான்று வேறு இருக்கிறது: 1989-ல் வெளிச்சத்துக்கு வந்த லகுனா செப்பேடு. சக ஆண்டு 822, அதாவது கி.பி. 900. அதன் காவி எழுத்து பல்லவ எழுத்தின் வழிவந்தது. நம்மூர்ச் செப்பேடு பார்த்துப் பழகியவர்களுக்கு வளைவுகள் அந்நியமாகத் தோன்றாது. உள்ளே இருப்பது வீரமும் இல்லை, சட்டமும் இல்லை. ஒரு குடும்பத்தின் கடன் தீர்ந்ததற்கான ரசீது.

சொல்லில் சறுக்கும். கிழக்கு சமாரின் பலாங்கிகாவில் 1901 செப்டம்பர் 28 அன்று ஊரார் அமெரிக்கப் படைமுகாமைத் தாக்கி 48 வீரர்களைக் கொன்றார்கள். அமெரிக்கர் எழுதிய 'படுகொலை' அதுதான். அதற்குப் பழிவாங்க ஜெனரல் ஜேகப் ஸ்மித் சமாரையே பாழ்நிலமாக்க உத்தரவிட்டார். பிலிப்பினோ ஒருவர் 'படுகொலை' என்றால் இதைச் சொல்லலாம். பலாங்கிகாவில் நடந்ததை ஊரார் 'மோதல்' என்கிறார்கள். எனவே அந்தச் சொல் வந்ததும், இறந்தது யார் என்று கேட்டுவிடுங்கள். தாக்குதலுக்குப் பின் அமெரிக்கர் எடுத்துப்போன மூன்று தேவாலய மணிகள் 2018 டிசம்பரில்தான் ஊர் திரும்பின.

வயதில் சறுக்கும். இஃபுகாவ் நெல்வயல் படிக்கட்டுகள் 2000 ஆண்டுப் பழமையானவை என்பது 1995-ல் யுனெஸ்கோ பட்டியலோடு நிலைத்துவிட்ட கணக்கு. ஸ்டீபன் அகபாடோ, உள்ளூர் அமைப்போடு சேர்ந்து பழைய கியாங்கானில் செய்த அகழாய்வு வேறு கணக்குத் தருகிறது. அங்கே சேற்று நெல் பெருகியது சுமார் 400 ஆண்டுகளுக்கு முன், சமவெளியில் ஸ்பானியர் நெருக்கியபோது. வயது குறைந்ததால் பெருமை குறையுமே என்று நினைப்பவர்களிடம் அவர் வாதம் இது: காலனியாதிக்கத்துக்கு மலை சொன்ன பதில் அந்தப் படிக்கட்டு. இதை ஊரில் பேசும்போது எண்ணை முதலில் வைக்காதீர்கள். காரணத்தை முதலில் வையுங்கள்.

கைந்தாவில் ஒரு பயிற்சி

மணிலாவுக்குக் கிழக்கே ரிசால் மாகாணத்தில் கைந்தா. 1762-ல் ஆங்கிலேயர் மணிலாவைப் பிடிக்க அனுப்பிய படை சென்னையிலிருந்து புறப்பட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்களும் அதில் இருந்தார்கள். 1764-ல் படை கிளம்பியபோது சிலர் கைந்தா, தைதாய் பக்கம் தங்கிவிட்டார்கள். கைந்தாக்காரர் நிறமும் மூக்கும் அவர்களிடமிருந்து வந்தவை என்பது அங்கே பழகிய பேச்சு. போகிற தமிழர் எவருக்கும் 'நம்மாட்கள்' என்று சொல்லத் தோன்றும். அடக்கிக்கொள்ளுங்கள். அன்று கர்நாடகம் எனப்பட்ட ஆற்காட்டுப் பகுதியில் (இன்றைய கர்நாடக மாநிலம் அல்ல) திரட்டிய படையில் பல மொழியார், பல சமூகத்தார் இருந்தார்கள்.

முதல் பத்திக்கு: சிப்பாய்களைப் பற்றிப் பேசும்போது 'டாவ்' வருகிறதா? அவர்களைத் 'தங்கள்' முன்னோர் என்கிறார்களா, ஊரின் வேறொரு குடும்பத்தைச் சுட்டுகிறார்களா? 'பும்பாய்' என்ற சொல் அந்தப் பேச்சில் பெருமையாக வருகிறதா, கிண்டலாகவா? இரண்டாம் பத்திக்கு: பங்குப் பதிவேடுகளில் சிப்பாயைக் குறிக்கும் 'சிபாயோ' என்ற ஸ்பானியச் சொல் எங்காவது உண்டா? 1950-களில் ஆசிரியர்கள் எழுதிய தாளில் இந்தக் கதை இருக்கிறதா, இல்லையா? இல்லாவிட்டால் கதை பின்னால் வலுத்ததாக இருக்கலாம். ஆசிரியர் விட்டிருக்கவும் செய்யலாம். மூன்றாம் பத்திக்கு: சமையல்.

எருதுவால் இறைச்சியை நிலக்கடலைக் குழம்பில் வேகவைக்கும் 'கரே கரே', சிப்பாய்கள் கிடைத்ததை வைத்து ஆக்கிய கறி என்று ஒரு கதை சொல்வார்கள். பம்பாங்கா மாகாணத்தாரோ அது தங்கள் உணவு என்பார்கள். பெயர் 'கறி' போல ஒலிப்பதைத் தவிர உறுதியான சான்று கிடையாது. நோட்டில் அதை இப்படி எழுதுங்கள்: முதல் பத்தியில் சொன்னவர் வயது, தெரு, 'டாவ்' இருந்ததா என்பது, இரண்டாம் பத்தி காலி, மூன்றாம் பத்தியில் எந்த வீட்டில், எந்த நாளில், யாருக்காகச் சமைத்தார்கள் என்பது. காலியாக இருப்பதை நிரப்ப முயலாதீர்கள். ஊரை விட்டுக் கிளம்பும்போது அந்தப் பக்கங்களின் நகல் ஒன்றைப் பராங்காய் அலுவலகத்திலும், இன்னொன்றைக் கதை சொன்ன லோலாவிடமும் கொடுத்துவிடுங்கள். லோலா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்து, 'இது தப்பு' என்று ஓரிடத்தில் விரல் வைப்பார். அந்த இடத்தில் மறுபடி உட்காருங்கள்.